எமல்டாவின் கிடாரில் ஏறி வந்த காலடி

மஞ்சக்கல்லுக்கு ஏறும் சாலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இது எத்தனையாவது வளைவு என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அந்தத் தேயிலை ஊரில் ஆயிரத்து முந்நூறு பேர் இருந்தார்கள். ஆனால் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்துவந்த எமல்டா டீச்சர் தன் கிடாருக்கு, அதன் ஒலியை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப் ஒன்றை மாட்டி முதல் தடவை வாசித்த அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைவரை, அந்தச் சாலையில் யாராவது நடந்தே ஏறி வரக்கூடும் என்று அவர்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிக்கப் வாங்கியதற்குக் காரணம் ஊளைதான். ஞாயிறுதோறும் சந்தை கலைந்ததும் தொழிலாளர் மன்றத்தில் பாட்டு நடக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் இரண்டு பேர் பாடுவார்கள், தொழிற்சாலை ஃபிட்டர் ஒருவர் தபேலா வாசிப்பார், எமல்டா ஓரமாக ஒரு நாற்காலியில் கிடாரோடு உட்கார்ந்திருப்பாள். அவள் கிடாருக்கு முன்னால் வைத்த மைக்கில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால்கூட, ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிடாரின் வயிற்றுக்குள் புகுந்து அதை அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடியும் மைக்குக்குள் போய், மன்றம் முழுக்க ஊளையிடும். இறக்கினாலோ தபேலாவுக்கு அடியில் கிடார் இருந்த இடம் தெரியாது. இறங்கியே கிடக்கட்டும் என்றுதான் எமல்டா எப்போதும் சொன்னாள், ஏனென்றால் அவள் தன் சத்தம் வெளியே கேட்பதற்கே பயப்படுகிறவள். முப்பத்தெட்டு வயதிலும் யாராவது தன் வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள்.

ஆறுச்சாமிதான் விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் மைக்செட் கட்டிவந்தவர் அவர்.

"டீச்சர், மூணு வழி இருக்குதுங்க" என்றார், மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று விரலை நீட்டி. "உள்ளுக்குள்ள குட்டி மைக் ஒண்ணு வெச்சு ஒட்டலாம். நல்லா இருக்கும், ஆனா இதே ஊளைதான். ரெண்டாவது காந்தம். ஓட்டை வாயில குறுக்கால மாட்டிவிடறது. அது கம்பிய மட்டுந்தான் கேக்கும். சுத்தமா இருக்கும், சண்டையே இல்ல. மூணாவது, பிரிட்ஜுல கம்பி ஏறி உக்காருற எலும்புக்கு அடியில ஒரு பட்டை வெக்கிறது, பேட்டரிப் பெட்டி ஒண்ணோட. அது மரத்தக் கேக்கும்."

"மரத்தைன்னா?"

"மரத்துல படற எல்லாத்தையும்ங்க. உங்க கை பட்டாக் கேக்கும். சேலை ஊக்கு உரசினாக் கேக்கும். ஒளிக்க முடியாது."

ஒளிக்க முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் காந்தம் போதும் என்று சொல்லத்தான் எமல்டா வாயெடுத்தாள். ஆனால் பத்தொன்பது வருஷமாகத் தன் மடியில் கிடந்து தனக்கு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அந்த மரத்தை ஒரு நாளாவது மற்றவர்களும் கேட்கட்டுமே என்று ஏனோ தோன்றிவிட, பட்டையையே வைக்கச் சொன்னாள். வைத்து வாசித்துப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி, அவ்வளவு மெலிசாக, அவ்வளவு கூர்மையாக, ஒரு பூச்சும் இல்லாமல் கேட்டது. அந்த வெட்கத்தை மூடத்தான் அவள் காலால் மிதித்து இயக்குகிற பெடல் பெட்டிகள் வாங்கினாள்: சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருகிற கம்ப்ரஸர் ஒன்று, வாசித்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிற டிலே ஒன்று, சின்ன மன்றத்தைக் கல்மண்டபமாக்கிக் காட்டுகிற ரிவெர்ப் ஒன்று. மூன்றையும் காலடியில் வரிசையாக வைத்து, ஆறுச்சாமி தன் பங்குக்கு மிக்ஸரில் பேஸைத் தூக்கிவிட்டபோது, அவளுடைய கிடார் அவளுடையதாகவே இல்லாமல் போனது. அப்போதுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டு முடிந்து, கம்பிகள் இன்னும் அடங்காமல் இருந்த வேளையில், அவற்றுக்கு அடியிலிருந்து தொம் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி தொம். ஆறுச்சாமி ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார், ஃபேனை நிறுத்தினார், தபேலா மைக்கைப் பிடுங்கினார். அவர் பிடுங்கி முடிப்பதற்குள்ளேயே மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது காலடி என்று தெரிந்துவிட்டது.

"பின்னால தண்ணி சொட்டற சத்தம் கேக்குதா?" என்றார் மன்றத் தலைவர் பொன்னுரங்கம், முன்வரிசையில் உட்கார்ந்து கையைக் காதுக்குக் குவித்தபடி. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இடம் வைத்துச் சொல்கிறவர். "கல்தொட்டி. மூணாவது வளைவு. ஏறி வருது."

ஜீப்பில் நாலு பேர் போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது வளைவில் கல்தொட்டி சொட்டிக்கொண்டிருந்தது, சாலையில் ஒருவரும் இல்லை; தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்த இரண்டு நாய்கள் மட்டும் எழுந்து, யாருக்கோ வழி விடுவதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றன.

அடுத்த ஞாயிறு காலடி ஐந்தாவது வளைவில் கேட்டது, அதற்கடுத்த ஞாயிறு ஏழாவதில். எமல்டா வாசிக்கும்போது மட்டும், அந்தக் கிடாரில் மட்டும் கேட்டது. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, மழைக்கும் யானைக்கும் பழகிக்கொண்ட மாதிரியே. மன்றத்து நோட்டீஸ் பலகையில், கொழுந்து எடை விவரத்துக்குக் கீழே, ஒவ்வொரு ஞாயிறும் வளைவு எண்ணைச் சாக்கட்டியால் எழுதினார்கள். மன்றம் கொள்ளாத கூட்டம் வந்ததால் ஆறுச்சாமி மன்றத்து வாசலிலிருந்து, கடைசி வளைவு முடிந்து ஊர் தொடங்குகிற செக்போஸ்ட் வரைக்கும் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். இருபதாவது வளைவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நான்கு கல்யாணங்களுக்கு நாள் மாற்றினார்கள். தகப்பன் சாவுக்குப் போகாத ஒருவர், தன் ஐம்பத்திரண்டாம் வயதில், வருவது அப்பாதான் என்று சொல்லி மொட்டை அடித்துக்கொண்டார். தேயிலைப் பாத்திகளில் பெண்கள் கொழுந்துக் கூடையின் அடியில் ஒரு பிடி மிளகாயைப் போட்டுக்கொண்டு போனார்கள். எல்லோருக்குமே யாரோ ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதும், அவர் வராமலிருப்பதால்தான் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

எமல்டாவுக்கு யாரும் வரவேண்டியதில்லை. ஆனாலும் அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள், ஏனென்றால் அது அவள் மடிக்குள் நடந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் கிடாரின் முதுகு அவள் அடிவயிற்றில் இடித்தது. காலடி பதினான்காவது வளைவுக்கு வந்தபோது அவள் ஆறுச்சாமியிடம் போய், "அண்ணா, அந்தக் காந்தத்தையே மாட்டிடுங்க. கம்பிய மட்டும் கேக்கட்டும்" என்றாள்.

மாட்டினார். அந்த ஞாயிறு பாட்டு தேனாக இருந்தது, ஒரு காலடியும் கேட்கவில்லை, ஒருவரும் பாட்டைக் கேட்கவும் இல்லை. பலகையில் எண் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பொழுது இறங்குவதற்குள் அவள் வீட்டு வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு உள்ளே நின்றாள்.

"டீச்சர், இருக்கறது தெரியும், தொறங்க" என்றாள் ஒருத்தி. "எங்க வந்துருக்குன்னு தெரியாம இந்த ராத்திரிய எப்பிடிக் கழிக்கறது? பதினஞ்சா, பதினாறா? வாசலுக்கே வந்துருச்சா? நீங்க சொல்லாட்டி எங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

மறுநாளே ஆறுச்சாமி பட்டையைத் திரும்பப் பொருத்தினார். அடுத்த ஞாயிறு அது பதினேழாவது வளைவில் இருந்தது, பலகையில் பதினேழு என்று எழுதியதைப் பார்த்துச் சிலர் ஆறுதலில் அழுதார்கள்.

இருபத்தொன்றாவது வளைவு வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது, யாருக்காக வருகிறது என்று. ஊரில் எல்லோரும் மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் யார் என்று பொன்னுரங்கம் விரல் விட்டு எண்ணியபோது ஒரு விரலே போதுமானதாக இருந்தது. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த சரளா. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்தவள். எந்த ஊர் என்று கேட்டால் கீழே என்று மட்டும் சொல்கிறவள். ஒரு கடிதாசியோ, ஒரு போனோ, விருந்தாளியோ வராதவள். மெஷினை எப்போதும் வாசலைப் பார்த்தே போட்டிருப்பவள். இதையெல்லாம் ஊர் முன்பே கவனித்திருந்தது, இப்போது அதற்கு ஒரு அர்த்தம் கிடைத்தது.

"நாம யாரையும் அடிக்கல, பிடிக்கல" என்றார் பொன்னுரங்கம், மன்றத்தின் கூட்டத்தில், மெதுவாக, எல்லோரையும் பார்த்து. "அது செக்போஸ்ட்டத் தொடறதுக்கு முன்னால, அந்தப் பொண்ணு இறங்கிப் போயி என்ன ஏதுன்னு கேக்கட்டும். அவ்வளவுதான். அவளுக்கு வந்ததுன்னா அவளோட போயிரும். இல்லைன்னா அவ திரும்பி வந்துரட்டும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எமல்டாவும்தான். பேசினால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

காலடி இருபத்துநான்காவது வளைவைத் தாண்டிய வாரம், வியாழக்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தைத்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு சரளா வகுப்புக்கே வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அது எப்படி நடக்குது?"

"நீ ஒரு தடவகூடக் கேக்கலையா?"

"மெஷின ஓட்டிக்கிட்டே இருந்தா கேக்காது. ஞாயித்துக்கிழம பூரா ஓட்டுவேன், துணி இல்லாட்டியும் ஓட்டுவேன்." அவள் ஜாக்கெட்டை மேசையில் வைத்து, இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள். "ஷூ சத்தமா டீச்சர்? இரும்பு அடிச்ச ஷூவா?"

"இரும்புச் சத்தம் இருக்கு" என்றாள் எமல்டா, சொல்லாமலிருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

சரளாவின் கை நீவுவதை நிறுத்தியது. "எங்க வீட்டுக்காரர் ஷூவுக்கு லாடம் அடிச்சுப்பார். வீட்டுக்குள்ளயும் கழட்ட மாட்டார். தெருமுனையில கேட்டாலே நான் சோத்துத் தட்ட எடுத்து வெச்சுருவேன்." பிறகு, ஏதோ வேலை முடிந்த மாதிரி, "அப்ப அவர்தான். தலைவர்கிட்ட சொல்லிடுங்க டீச்சர், யாரும் வந்து கூட்டிக்கிட்டுப் போக வேண்டாம், நானே வந்துடறேன்னு. ஊரே ஒரு ஆளுக்காக எதுக்குப் பயப்படணும்?" என்றாள்.

அவள் போன பிறகு எமல்டா கரும்பலகையைத் துடைத்தாள், துடைத்த பலகையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு மதியமே பனி இறங்கிவிட்டது. மன்றத்துக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். அங்கிருந்து நேர் எதிரே அறுபது எட்டு வைக்கிற தூரத்தில் செக்போஸ்ட்டின் இரும்புத் தடுப்பு, பனிக்குள் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடந்தது. சரளா ஒரு துணிப்பையோடு வந்து கதவோரம் நின்றாள். பொன்னுரங்கம் அவளைப் பார்க்காமல், "ஆரம்பிங்க டீச்சர்" என்றார்.

எமல்டா வாசித்தாள். இரண்டாவது சுற்றிலேயே அது வந்துவிட்டது: தொம் தொம் தொம் என்று பல கால்கள் சேர்ந்து நடக்கிற மாதிரி, நடுநடுவே கல்மண்டபத்தில் சங்கிலி இழுக்கிற மாதிரி. "இருபத்தாறு தாண்டிருச்சு" என்றார் யாரோ. எமல்டா நிமிர்ந்தபோது கதவோரம் நின்ற சரளாவின் முகம் கண்ணில் பட்டது. அதில் எமல்டா எதிர்பார்த்த பயம் இல்லை. அவள் தலையைச் சாய்த்து, துணியில் தையல் எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நிஜமாவே இம்புட்டுப் பெருசாவா இருக்கு, இல்ல உங்க பெட்டி பண்ணுதா?"

எமல்டாவின் விரல்கள் தாமாகவே அடுத்த சுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்த மூன்று மாதத்தில் அதை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டிகளை அணைத்தால் தன் கிடார் எப்படி ஒலிக்கும் என்பது நினைவுக்கு வந்தபோது, அத்தனை பேர் முன்னால் சேலை அவிழ்ந்துவிடப்போகிற மாதிரி உடம்பு கூசியது. ஆனாலும் காலை நீட்டி ரிவெர்ப்பை மிதித்து அணைத்தாள்.

கல்மண்டபம் இடிந்து விழுந்து, தகரக் கூரை போட்ட மன்றம் திரும்ப வந்தது. தொம் என்று கேட்டது இப்போது தப் என்று கேட்டது. டிலேயை அணைத்தாள்: பல கால்கள் இரண்டு கால்களாகின. கம்ப்ரஸரை அணைத்தாள்: அந்த இரண்டு கால்களும் எவ்வளவு தணிவாகப் போய்விட்டன என்றால், முந்நூறு பேர் மூச்சை நிறுத்தினால்தான் கேட்கும்போல இருந்தது, நிறுத்தினார்கள். "அண்ணா, பேஸை எறக்குங்க" என்றாள். ஆறுச்சாமி ஒரு குமிழைத் திருகினார்.

தகரத்தில் கீறுகிற மாதிரி அவளுடைய கம்பிகள் கேட்டன. அவற்றுக்கு அடியில், வெறுங்கால் ஒன்று ஈரத் தாரில் பதிந்தது. இன்னொரு கால் இழுபட்டுக்கொண்டு வந்தது. கால் பதிகிறபோதெல்லாம் சின்னதாக ஒரு டிக், சங்கிலியும் இல்லை, இரும்பும் இல்லை, கால்விரல் மெட்டி கல்லில் படுகிற சத்தம். பிறகு மூச்சு. இருபத்தாறு வளைவு ஏறி வந்தவளின் மூச்சு.

"பொம்பளக் காலு" என்றாள் சரளா. "அது யாரையும் தேடிக்கிட்டு வரல. ஓடி வருது. நானும் இப்படித்தான் வந்தேன், பஸ் சத்தம் கேட்டா புதருக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு. அதான் இத்தன நாளாகுது."

பொன்னுரங்கம் எழுந்து நின்றார். என்னவோ சொல்ல வந்தார். அப்போதுதான் அந்த மூச்சுக்கும் பின்னால், ஒரு வளைவு தள்ளி, இன்னொன்று கேட்டது. ஷூ. லாடம் அடித்த ஷூ. அவசரமே இல்லாமல், எங்கே போகிறோம் என்று தெரிந்த நடையில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பெட்டியெல்லாம் அணச்சாச்சுல்ல?" என்றார் பொன்னுரங்கம்.

"எல்லாத்தையும் அணச்சாச்சுங்க" என்றார் ஆறுச்சாமி. அணைத்த பிறகும் அது அவ்வளவு பெரிதாகத்தான் இருந்தது.

முதலில் ஓடியது சரளா. துணிப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள், அவளுக்குப் பின்னால் மன்றம் முழுதும் எழுந்து ஓடியது. எமல்டாவும் மிக்ஸரில் இருந்த ஆறுச்சாமியும் மட்டும் எழவில்லை, அவள் கை நின்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. குழாய் ஸ்பீக்கர்களில் மெட்டிச் சத்தம் பனிக்குள் டிக், டிக் என்று கம்பம் கம்பமாகக் கேட்க, சரளா தடுப்பைத் தூக்கினாள். யாரும் தெரியவில்லை. அவள் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி, முன்னால் விரித்துப் பிடித்து, பிறகு விட்டுவிட்டாள். சால்வை தரையில் விழவில்லை. ஒரு பெண்ணின் தோள் உயரத்தில் நின்று, நடுங்கி, சரளாவோடு உள்ளே வந்தது. யாரும் அலறவில்லை. யாரோ ஒருத்தி சுக்குத் தண்ணி வைக்க ஓடினாள்.

தடுப்பை இறக்கினார்கள். இறக்கிய பிறகும் ஒருவரும் நகரவில்லை, ஏனென்றால் ஷூ நெருங்கிவிட்டது. எமல்டா தன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. பாட்டு எதுவும் இல்லை, ஒரே சுரங்களையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள், வலது கை மரத்துப்போய் வேறு யாருடையதோபோல ஆகியிருந்தது. லாடம் கல்லில் பட்டது, மறுபடி பட்டது, தடுப்புக்கு வெளியே வந்து நின்றது. அப்போது பிக்கப் பெட்டியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பேட்டரி" என்றார் ஆறுச்சாமி. டிராயர்களை இழுத்தார், பைகளைக் கொட்டினார். "நேத்தே மாத்தியிருக்கணும். என் தப்பு டீச்சர், என் தப்பு." அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர்கள் கரகரத்து அடங்கின.

தடுப்பருகே நின்றவர்கள் எல்லோரும் திரும்பி, மன்றத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எமல்டாவைப் பார்த்தார்கள். அவள் ஒயரைப் பிடுங்கினாள், கிடாரைத் தூக்கிக்கொண்டாள், கூட்டம் விலகிய வழியே அறுபது எட்டும் நடந்துபோய், கிடாரின் முதுகை இரும்புத் தடுப்பின்மேல் அழுத்தி, பக்கவாட்டு மரத்தில் காதை வைத்தாள். மரத்துக்குள் முதலில் அவளுடைய இதயம்தான் கேட்டது. பிறகு, ஒரு முழத் தூரத்தில், ஒரு மூச்சு. நிதானமாக, மூக்கு வழியாக.

"போயிருச்சா?" என்றார் பொன்னுரங்கம், உதட்டை அசைக்காமல்.

போய்விட்டது என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவளும் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

"நிக்குது" என்றாள்.

நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. சாயங்கால பஸ் கடைசி வளைவில் திரும்பும் ஹாரன் கேட்டபோதுதான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது: பஸ் உள்ளே வர வேண்டுமென்றால் தடுப்பைத் தூக்க வேண்டும். மஞ்சள் விளக்குகள் பனியைத் துளைத்து வந்து நின்றன. எமல்டாவின் காதுக்குள் லாடம் ஒரு எட்டு ஓரமாக நகர்ந்தது. காத்திருக்கிற ஆளின் நகர்வு அது.

"தூக்குங்கப்பா, இருட்டப்போகுது" என்று டிரைவர் கத்தினார்.

"தூக்காதீங்க" என்றாள் எமல்டா. "பக்கத்துலயே நிக்குது. பஸ்ஸோட உள்ள வந்துரும்."

பொன்னுரங்கம் தடுப்பின்மேல் இரண்டு கையையும் வைத்தார். "பஸ் இன்னைக்கு அங்கயே நிக்கட்டும்" என்றார் சத்தமாக. "எல்லாரும் எறங்கி, ஒருத்தர் பின்னால ஒருத்தரா, தடுப்புக்குக் கீழ குனிஞ்சு வாங்க. வரும்போது பேரு சொல்லணும். உங்க பேரு, எந்த லைன் வீடு. சொல்லாத யாரும் உள்ள வரக் கூடாது."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பின்னாளில் கேட்டபோது, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்றார். பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, பெயரையும் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீட்டையும் சொன்னார்கள். பேச்சிமுத்து, மூணாம் லைன். குஞ்ஞம்மா, ஆஸ்பத்திரி லைன். சவரிநாதன், ஃபேக்டரி லைன். ஒவ்வொருவராகக் குனிந்து வர, இந்தப் பக்கம் நின்றவர்கள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். முப்பத்தொரு பேர். டிரைவரும் கண்டக்டரும் கடைசியாகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள், அவர்களையும் இழுத்துக்கொண்டார்கள். பிறகு வெளியே காலி பஸ் மட்டும் விளக்கெரிந்தபடி நின்றது.

"இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்றார் பொன்னுரங்கம், பனியைப் பார்த்து. "இருந்தா பேரைச் சொல்லுங்க."

எமல்டா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மரத்துக்குள் அந்த மூச்சு உள்ளே போனது, நின்றது. ஏதோ சொல்லப்போகிற வாய் திறக்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து சரளா தடுப்புவரைக்கும் வந்து நின்றாள், அவளோடு அந்தச் சால்வையும். அவர்களுக்கு முன்னால் கொழுந்து பறிக்கிற பெண்கள் இரண்டு பேர், யாரும் சொல்லாமலே, குறுக்கே வந்து நின்றுகொண்டார்கள்.

வாய் மூடிக்கொண்டது. லாடம் கல்லில் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எமல்டா எண்ணினாள், நாற்பத்து நாலுவரை எண்ணினாள், அதற்குமேல் வளைவு மறைத்துவிட்டது. "எறங்குது" என்றாள். யாரும் நம்பவில்லை, அவளே நம்பவில்லை; பொழுது முழுதாக இருட்டும்வரை ஒருவரும் தடுப்பை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு மஞ்சக்கல்லில் பஸ் செக்போஸ்ட்டுக்கு வெளியே நின்றுதான் ஆள் இறக்கும். வெளியூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே பெயர் சொல்லிவிட்டு வருவார்கள், ஊர்க்காரர்கள் சிரிப்பதில்லை. தையல் கடையில் இரண்டு மெஷின்கள் ஓடுகின்றன. இரண்டாவது மெஷினுக்குமேல் கம்பளிச் சால்வை ஒன்று குனிந்திருக்கும். ஓரம் அடிக்கிற வேலையை அவளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அவளிடம் மட்டும் இதுவரை யாரும் பெயர் கேட்கவில்லை.

எமல்டா பெடல்களை ஆறுச்சாமியிடமே கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் அந்தத் தகரச் சத்தத்தோடேயே, நாற்காலியை மேடையின் நடுவில் போட்டு வாசிக்கிறாள். கை இன்னும் நடுங்குகிறது, நடுங்குவதும் கேட்கிறது. முதல் பாட்டு முடிந்ததும் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைக்காமல் அப்படியே விடுவாள், மன்றம் முழுதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தூரத்தில், நான்காவது வளைவிலோ ஐந்தாவதிலோ, லாடம் ஒரு தடவை கல்லில் உரசும். ஆறுச்சாமி பலகையில் எண்ணை எழுதுவார். பொன்னுரங்கம் எழுந்துபோய்த் தடுப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகு எமல்டா இரண்டாவது பாட்டைத் தொடங்குவாள்.